தண்ணீர் நின்ற மட்டம்

அந்தப் பெண் இன்னும் குனிந்துதான் இருக்கிறாள். செல்போன் வெளிச்சத்தை என் சீட்டுக்கு அடியில் அடித்துப் பார்க்கிறாள், விரலால் எதையோ சுரண்டுகிறாள், சுரண்டியதை முகர்ந்து பார்க்கிறாள். முகர்ந்து பார்க்க அதில் என்ன இருக்கிறது, சேற்று நாற்றம், முடிச்சூர் முழுக்க அதே நாற்றம்தான், என் சட்டையிலும் அதே நாற்றம்தான். இன்சூரன்ஸ் கம்பெனியிலிருந்து சர்வேயர் வருகிறார் என்று சொன்னதும் மீசை வைத்த ஒரு ஆளை நினைத்துக்கொண்டிருந்தேன். மீசைக்காரனாக இருந்தால் டீக்கடைக்குக் கூட்டிப் போய் நாலு வார்த்தை பேசலாம். இவளுக்கு என் மகள் வயதுகூட இருக்காது. டீ வேண்டாமாம். தண்ணீர் பாட்டிலைக்கூடக் கையோடு கொண்டு வந்திருக்கிறாள். "நீங்க உக்காருங்கய்யா, நான் பாத்துட்டுச் சொல்றேன்" என்று இந்தப் பிளாஸ்டிக் நாற்காலியைக் காட்டினாள். என் வண்டியை நான் தள்ளி உட்கார்ந்து பார்க்க வேண்டியிருக்கிறது. ஷெட் முழுக்க வெள்ளத்தில் மூழ்கின வண்டிகள். கதவெல்லாம் திறந்து கிடக்கிறது, சீட்டெல்லாம் வெயிலில் காய்கிறது. ஷெட்காரர் சாதிக் பாய் அவள் பக்கத்தில் கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். என்னைத் திரும்பிப் பார்த்து ஒரு முறை தலையை ஆட்டினார். பாத்துக்கலாம் என்கிற மாதிரி. காலையிலிருந்து அதைத்தான் சொல்கிறார், பாத்துக்கலாம் ஏகாம்பரம், பாத்துக்கலாம். பாத்துக்கலாம் என்றால் என்ன அர்த்தம்? நல்லதாக முடியும் என்றால் நல்லதாக முடியும் என்று சொல்லிவிட்டுப் போகலாமே. ஆஸ்பத்திரியில் என் பெண்டாட்டி தேசம்மாளைப் படுக்க வைத்திருந்தபோது அந்த டாக்டரும் இதையேதான் சொன்னான். பார்த்துக்கொண்டேதான் இருந்தான். அவள்தான் போய்விட்டாள்.

டோட்டல். அந்த வார்த்தையை இங்கே எல்லாரும் சாதாரணமாகச் சொல்கிறார்கள். அது டோட்டல், இது டோட்டல், அந்தச் சிவப்பு வண்டி நேத்தே டோட்டல். ஒருத்தன் சிரித்துக்கொண்டே சொன்னான். தண்ணீரில் நின்ற வண்டிக்கு மூன்று மட்டம் வைத்திருக்கிறார்கள், பாய்தான் எனக்கு விளக்கினார். கால் வைக்கிற இடம் வரைக்கும் தண்ணீர் வந்திருந்தால் ஒரு கணக்கு. சீட்டு வரைக்கும் வந்திருந்தால் ஒரு கணக்கு. டாஷ்போர்டுக்கு மேலே போயிருந்தால் வயரிங் மொத்தமும் மாற்ற வேண்டும், இன்ஜினை ஓட்டுகிற மூளைப் பெட்டி மாற்ற வேண்டும், அதற்கப்புறம் ரிப்பேர் செலவு எகிறிவிடும். வண்டிக்குக் கம்பெனி ஒரு மதிப்புப் போட்டு வைத்திருக்கிறது. செலவு அந்த மதிப்பில் முக்கால் பங்கைத் தாண்டினால் வண்டி டோட்டல் லாஸ். அவர்கள் ஏதோ கொடுப்பார்கள். ஆர்.சி. புத்தகத்தை ரத்து பண்ணுவார்கள். காயலான் கடைக்காரன் வந்து கயிறு கட்டி இழுத்துப் போவான். சரி, அந்த மதிப்பைப் போட்டது யார்? அவர்கள். வருஷா வருஷம் அதைக் குறைத்துக்கொண்டே வந்தது யார்? அவர்கள்தான். இதே தண்ணீர், இதே சேறு, இதே வயர், புது வண்டியாக இருந்தால் முக்காலைத் தாண்டாது, ரிப்பேர் பண்ணிக் கையில் கொடுப்பார்கள். என் வண்டி பழசு, அதனால் தாண்டுகிறது. அப்படியென்றால் கெட்டுப்போனதற்காக அதைக் கழிக்கவில்லை, பழசாகிவிட்டதற்காகத்தான் கழிக்கிறார்கள். இதை அந்தப் பெண்ணிடம் கேட்க வேண்டும். கேட்டால் அதுதான் ரூல் ஐயா என்பாள். ஐயா என்று மரியாதையாகச் சொல்லித்தான் எல்லாரும் கழுத்தில் கை வைக்கிறார்கள். அவர்கள் கொடுக்கிறதில் எனக்கு வேறு வண்டி வராது. இந்த வயதில் எந்த பேங்க்காரனும் எனக்கு லோன் தர மாட்டான். மஞ்சள் போர்டு டாக்சி, போன வருஷம்தான் எஃப்.சி. காட்டினேன், பிரேக் இன்ஸ்பெக்டரே ஓட்டிப் பார்த்துவிட்டு நல்லா வெச்சிருக்கீங்க பெரியவரே என்றார். அவருக்குத் தெரிந்தது இவளுக்குத் தெரியுமா? இந்த வண்டி போனால் நான் வீட்டில் உட்கார வேண்டியதுதான். காலையில் எழுந்து, பல் தேய்த்து, உட்கார்ந்து, மறுபடி படுத்து. தாம்பரத்தில் ரத்தம் சுத்தம் பண்ணிக்கொள்ளப் போகிற அந்த வாத்தியாரை யார் கூட்டிப் போவார்கள்? அவர் என் வண்டியில்தான் ஏறுவார், மற்றவன் எல்லாம் பள்ளத்தில் குதிக்க விடுகிறான் என்பார். வேறு வண்டி கிடைக்கும் அவருக்கு. எனக்குத்தான் வேறு வாத்தியார் கிடைக்க மாட்டார்.

பாயின் எஸ்டிமேட் முக்காலுக்கு நூலிழை கீழே நிற்கிறது. வயரிங்கைச் சேர்க்காமல் போட்டால் நிற்கிறது. சேர்த்தால் தாண்டிவிடும். எல்லாம் அந்த மட்டத்தில் இருக்கிறது, தண்ணீர் எது வரைக்கும் நின்றது என்பதில். அதை வண்டியே சொல்லியிருக்கும். தண்ணீர் வடிந்த பிறகு வண்டியைச் சுற்றி ஒரு சேற்றுக் கோடு இருக்கும், கண்ணாடியில், கதவில், உள்ளே துணியில். சர்வேயர் வந்தால் முதலில் அதைத்தான் போட்டோ எடுப்பார்கள். என் வண்டியில் அந்தக் கோடு இல்லை. ஏனென்றால் என் தம்பி அதைக் கழுவிவிட்டான். தனகோட்டி. இந்தப் பெயரை நினைத்தாலே எனக்கு வாய் கசக்கிறது. ஊரே சேற்றில் கிடக்கிறது, குடிக்கத் தண்ணீர் இல்லை, லாரி வருமா வருமா என்று குடத்தோடு நிற்கிறார்கள், இவன் மட்டும் மாடியில் இருந்த தொட்டியிலிருந்து ரப்பர் குழாய் போட்டு என் வண்டியைக் கழுவியிருக்கிறான். உள்ளேயும் கழுவியிருக்கிறான். நான் ஆரணியிலிருந்து வந்து இறங்கிப் பார்த்தபோது வண்டி பொங்கலுக்கு நிறுத்தின மாதிரி பளபளவென்று நிற்கிறது, சுற்றிலும் முழங்கால் சேறு. கண்ணாடி நடுவில் மஞ்சள் குங்குமம் வேறு. எனக்கு ரத்தம் கொதித்தது. யார் இவனைக் கேட்டார்கள்? சாவி எங்கே கிடைத்தது? ஜன்னல் இடுக்கில் வைத்திருந்தேன், சின்ன வயதில் அப்பா சைக்கிள் சாவி வைக்கிற இடம், அவனுக்குத் தெரியாதா. பாய் வண்டியைப் பார்த்ததும் தலையில் கை வைத்தார். "யாருய்யா கழுவனது? இன்சூரன்ஸ்காரன் வந்து பாக்குறதுக்கு முன்னால எவனாச்சும் வண்டியக் கழுவுவானா? இப்ப நாம இன்னா சொன்னாலும் மறைக்கிறோம்னு நெனப்பானே." கழுவினது யார் என்று நான் சொல்லவில்லை. சொல்ல வாய் வரவில்லை. தெருவில் எவனோ என்றேன்.

அவன் எதற்குக் கழுவினான்? பெருமைக்கு. தெரு பார்க்கட்டும் என்று. அண்ணன் பேசாவிட்டாலும் தம்பி எவ்வளவு நல்லவன் பார் என்று நாலு பேர் சொல்லட்டும் என்று. அவன் செய்கிறது எல்லாம் அப்படித்தான். போன வெள்ளத்துக்கு அப்புறம் வீட்டை ஜாக்கி வைத்துத் தூக்கினான் பாருங்கள், அதுவும் அப்படித்தான். வடக்கத்தி ஆட்கள் வந்து வீட்டுக்கு அடியில் வரிசையாக ஜாக்கி கொடுத்து, ஆளுக்கொரு கம்பியைப் பிடித்து ஒரே நேரத்தில் திருப்ப, வீடு அப்படியே எழுந்து நின்றது. தெருவே வேடிக்கை பார்த்தது. நானும் பார்த்தேன், ஜன்னல் வழியாக. வீடு மேலே போய்விட்டது, சரி, போகட்டும். மேலே போன வீட்டுக்குப் படி வேண்டாமா? படியை எங்கே கட்டினான்? எங்கள் இரண்டு பேருக்கும் பொதுவான சந்தில் கட்டினான். அப்பா இரண்டு மனையாகப் பிரித்தபோது வண்டி போக வர என்று விட்ட சந்து. அந்தச் சந்து வழியாகத்தான் நான் காரைப் பின்கட்டுக்குக் கொண்டு போய் மேட்டில் நிறுத்துவேன். படி வந்ததும் என் கார் நுழையவில்லை. கண்ணாடியை மடக்கிப் பார்த்தேன், அப்போதும் நுழையவில்லை. "மூணு அங்குலம்தாண்ணே, நீ சொன்னா ஓரத்த ஒடச்சிடறேன்" என்றான். நீ சொன்னா. நான் ஏன் சொல்ல வேண்டும்? கட்டும்போது கேட்டானா? நான் சொல்லவில்லை. அவன் உடைக்கவில்லை. அன்றிலிருந்து பேச்சு இல்லை. தேசம்மாளைத் தூக்கிப் போனபோதுகூட அவன் அந்தப் பக்கம் தோள் கொடுத்தான், நான் இந்தப் பக்கம், பேசவில்லை. அன்றிலிருந்து என் கார் தெருவில் நின்றது, தெரு பள்ளம். இந்த ஆற்றுத் தண்ணீர் ஏறி வந்தபோது கார் பின்கட்டு மேட்டில் இருந்திருந்தால் டயர்தான் நனைந்திருக்கும். அதை யாராவது எஸ்டிமேட்டில் எழுதுவார்களா? இன்னின்ன வயர், இன்னின்ன மோட்டார், தம்பி கட்டின படி என்று எழுதுவார்களா? நான் ஊரில் இருந்திருந்தாலாவது வண்டியை மேம்பாலத்தில் ஏற்றியிருப்பேன். பேரனுக்குக் காது குத்து என்று ஆரணிக்குப் போயிருந்தேன். காரில் போயிருக்கலாம். போனால் மாப்பிள்ளை ஒரு ரவுண்டு மாமா என்று சாவியைக் கேட்பான், போன தரம் கேட்டு வாங்கி கிளட்ச்சைத் தேய்த்துக் கொண்டு வந்தான், அதனால் பஸ்ஸில் போனேன். அவனையும் சேர்த்துத்தான் குற்றம் சொல்ல வேண்டும்.

அவள் வருகிறாள். கையைத் துடைத்துக்கொண்டு வருகிறாள். "ஐயா, தண்ணி எது வரைக்கும் வந்துச்சு?" சீட்டு வரைக்கும்தாம்மா என்றேன், எத்தனை தரம் சொல்லிப் பார்த்து வைத்திருந்தேனோ அத்தனை சுலபமாக வந்தது. "நீங்க பாத்தீங்களா?" நான் ஊரில் இல்லை என்று பாய் முதலிலேயே சொல்லித் தொலைத்திருக்கிறார். "வண்டியக் கழுவிட்டீங்க. டாஷ்போர்டுக்கு உள்ள லேசா ஈரம் இருக்கு, அது ஆவியாலயும் வரலாம், தண்ணியாலயும் வரலாம். வயரிங் மாத்தணுமா வேண்டாமான்றது இந்த மட்டத்தை வெச்சுத்தான். போட்டோ எதுவும் இருக்கா?" கரண்டும் இல்லை, டவரும் இல்லை, எவன் போட்டோ எடுப்பான். "அப்ப நேர்ல பாத்தவங்க யாராவது வந்து சொல்லட்டும். எழுதி வாங்கிக்கறேன். சீட்டுன்னா ரிப்பேர். அதுக்கு மேலன்னா எனக்கு வேற வழி இல்ல." கெட்டவள் இல்லை. அதுதான் எரிச்சலாக இருக்கிறது. கெட்டவளாக இருந்தால் திட்டிவிட்டுப் போகலாம். பாய் என்னைப் பார்த்தார், "யாரு இருந்தாங்க அங்க?" தெருவில் எல்லாரும் முகாம் போட்ட பள்ளிக்கூடத்துக்குப் போய்விட்டார்கள், படகு வந்து ஏற்றிக்கொண்டு போனது. வீட்டை விட்டுப் போகாமல் இருந்தது ஒருத்தன்தான், தூக்கி வைத்த வீட்டில், படி மேல் உட்கார்ந்து தண்ணீரைப் பார்த்துக்கொண்டு. "தம்பி இருந்தான்" என்றேன். என் வாயால் அந்த வார்த்தை வந்து எத்தனை காலம் ஆகிறது. "நம்பர் சொல்லு." என்னிடம் இல்லை என்றேன். மனப்பாடமாகத் தெரியும். மாற்றவே இல்லை அவன். பாய் ஒரு நிமிஷம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, வேறு யாருக்கோ போன் போட்டு, அவரிடம் நம்பர் வாங்கி, அவனுக்குப் போன் போட்டார். வந்துடறேன் என்று சொன்னது எனக்கு இங்கே கேட்டது. உடனே சொன்னான். போனுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்த மாதிரி.

என்ன சொல்லப் போகிறான்? உண்மை எனக்குத் தெரியும். வண்டியைக் கழுவினானே தவிர என் வீட்டுச் சுவரைக் கழுவவில்லை. சுவரில் கோடு இருக்கிறது, என் மார்பு உயரத்துக்கு. நான் அந்தக் கோட்டிலிருந்து கையை நீட்டி, கையை அசைக்காமல் வண்டி வரைக்கும் நடந்து வந்து பார்த்தேன். ஸ்டீயரிங்குக்கு மேலே நின்றது கை. இன்னொரு தரம் நடந்து பார்த்தேன். கையைக் கொஞ்சம் தாழ்த்தி நடந்து பார்த்தேன். தாழ்த்தினாலும் ஸ்டீயரிங்தான். அது எனக்குத் தெரியும், அவனுக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது. உண்மையைச் சொன்னான் என்றால் வண்டி போச்சு. சொல்வான். சின்ன வயதிலிருந்தே போட்டுக் கொடுக்கிறவன்தான், நான் பீடி குடித்ததை அப்பாவிடம் சொன்னது யார்? பெல்ட்டால் வாங்கின அடி இன்னும் முதுகில் இருக்கிறது. சொல்லட்டும். சொன்னால் இன்னொன்று சேர்ந்தது. பீடி, படி, வண்டி. சொல்லாவிட்டால்? சீட்டு வரைக்கும்தான் என்று சொன்னால்? அதை நான் யோசிக்கவே இல்லை. இப்போதுதான் யோசிக்கிறேன். சொன்னால் வண்டி ஓடும். தினமும் காலையில் நான் சாவியைத் திருப்புவேன், அவன் படி மேல் நின்று பல் தேய்த்துக்கொண்டே அந்தச் சத்தத்தைக் கேட்பான். ஒன்றும் சொல்ல மாட்டான். சொல்லாமல் நிற்பான், அதுதான் அவன் வழி. கல்யாண வீட்டில் நான் காரிலிருந்து இறங்கும்போது பார்ப்பான். தண்ணீர் வேண்டாம், மழை வேண்டாம், அந்தப் பார்வை போதும், நான் மூழ்கிப் போக. வேண்டாம். உண்மையையே சொல்லட்டும். இல்லை, வண்டி வேண்டுமே. வண்டி வேண்டும், அவன் வேண்டாம். இதை எந்த ஃபாரத்தில் எழுதி எவனிடம் கொடுப்பது?

ஸ்கூட்டர் சத்தம். வந்துவிட்டான். ஒல்லியாகிவிட்டான். பக்கத்து வீட்டிலேயே இருக்கிறான், தினமும் கண்ணில் படுகிறான், ஆனாலும் முகத்தை நேராகப் பார்த்து எவ்வளவு நாளாகிறது, பல் ஒன்று போயிருக்கிறது. என்னைப் பார்க்கவில்லை. நேராக அந்தப் பெண்ணிடம் போனான். கைலியை இறக்கிவிட்டுக்கொண்டான். "நான் தனகோட்டி, மேடம். இவரு தம்பி." இவரு. "தண்ணி ஏறும்போது நீங்க பாத்தீங்களா?" "ஏறுறதயும் பாத்தேன், எறங்குறதயும் பாத்தேன் மேடம். எனக்கு வேற வேல இன்னா." "வண்டியில எது வரைக்கும்?" நான் நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். பாய் தரையைப் பார்க்கிறார். "சீட்டு வரிக்கும் மேடம். சீட்டுக்கு ஒரு ரெண்டு வெரக்கட கீழயே. அதுக்கு மேல ஏறல." ஒரு வார்த்தைகூடத் தடுமாறவில்லை. கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. "நிச்சயமா?" "எங்கம்மா மேல சத்தியமா மேடம்." எங்கள் அம்மா. எனக்கும் அம்மாதான் அவள். அந்தப் பெண் எழுத ஆரம்பித்தாள். முடிந்தது. சீட்டு. ரிப்பேர். முக்காலுக்குக் கீழே. பாய் மூச்சு விட்டது எனக்குக் கேட்டது. என் வண்டி எனக்குத்தான். நாளை மறுநாள் வாத்தியாருக்குப் போன் போட்டுச் சொல்லலாம், கொஞ்ச நாள் பொறுங்கள், வண்டி வந்துவிடும் என்று. உள்ளங்கால் வரைக்கும் சந்தோஷம் இறங்குகிறது, இறங்கிக்கொண்டிருக்கும்போதே அவன் குனிந்து அவளிடம் மெதுவாக, எனக்குக் கேட்காது என்று நினைத்துக்கொண்டு சொல்கிறான், "ரிப்பேரே போட்டுக் குடுங்க மேடம். பாவம், அவருக்கு இந்த வண்டிய விட்டா வேற இன்னா கீது."

பாவம். யார் பாவம்? நானா பாவம்? நான் முடிச்சூரிலேயே முதல் டாக்சி போர்டு போட்டவன். இவன் கல்யாணத்துக்கு என் வண்டியில் மாலை கட்டி, நானே ஓட்டி, பெண் மாப்பிள்ளையைக் கொண்டு வந்து இறக்கினேன். பாவம் என்கிறான். வேறு என்ன இருக்கிறது என்கிறான். அந்தப் பெண் என்னைத் திரும்பிப் பார்க்கிறாள், அவள் முகமும் மாறிவிட்டது, இவனிடமிருந்து அது அவளுக்கு ஒட்டிக்கொண்டுவிட்டது, அதே பாவம். அவள் எழுதுகிற எழுத்தில்கூட இப்போது அதுதான் இருக்கும். நான் எழுந்தேன். எழுந்தது தெரியவில்லை, நாற்காலி பின்னால் விழுந்த சத்தம்தான் கேட்டது. "எழுதாதம்மா" என்றேன். "இவன் சொல்றது பொய். தண்ணி ஸ்டீயரிங்குக்கு மேல. எங்க வீட்டுச் சுவத்துல கோடு இருக்குது, வந்து பாத்துக்கோ." பாய் "யோவ் ஏகாம்பரம்!" என்று கத்தினார். அந்தப் பெண் பேனாவை நிறுத்திவிட்டாள். "ஐயா, நீங்கதானே இப்ப சீட்டுன்னீங்க?" "நானும் பொய்தான் சொன்னேன். அவனும் பொய்தான் சொல்றான். நீ உண்மைய எழுது." அப்புறம்தான் அவன் என்னைப் பார்த்தான். இத்தனை வருஷத்தில் முதல் தரம், நேராக. "இன்னாண்ணே இது?" என்றான். குரலே எழும்பவில்லை. அப்புறம் எழும்பியது. "உனக்கு அறிவுகிறிவு கீதாய்யா? போன வெள்ளத்துல என் லோடு வண்டிக்கு அந்தக் கோட்டப் பாத்துத்தான்யா டோட்டல் போட்டானுவோ! கோடு இருந்தா உன்துக்கும் போட்டுருவானுவோன்னு, இடுப்பு ஒடியத் துணி வெச்சித் தேச்சேன்யா நானு! ஒரு தொட்டித் தண்ணி! என் பொண்டாட்டி குடிக்கத் தண்ணி இல்லன்னு கத்தறா, நான் உன் வண்டியத் தேச்சினு கீறேன்!" "உன்ன எவன்டா தேய்க்கச் சொன்னான்?" "எவனும் சொல்லல!" "எவன்டா உன்ன பாவம் பாக்கச் சொன்னான்?" ஷெட்டில் வேலை செய்கிறவர்கள் எல்லாம் ஸ்பேனரை வைத்துவிட்டுப் பார்க்கிறார்கள். எனக்கு மூச்சு வாங்குகிறது. நெஞ்சு லேசாக இருக்கிறது, ஜெயித்த மாதிரி இருக்கிறது, எதை ஜெயித்தேன் என்று பார்த்தால் அங்கே ஒன்றுமே இல்லை.

அவள் சத்தம் போடவில்லை. இரண்டு கோடு போட்டு முன்பு எழுதியதை அடித்தாள். "கேட்டுட்டு கேக்காத மாதிரி என்னால எழுத முடியாதுய்யா" என்றாள். "டோட்டல் லாஸ்னுதான் போடணும்." அப்புறம் ஏதேதோ சொன்னாள், கையெழுத்து, சாவி, ஆர்.சி. புத்தகம், எதுவும் காதில் ஏறவில்லை. கடைசியில் சொன்னது மட்டும் ஏறியது. "உள்ள உங்க சாமான் எதுனா இருந்தா இப்பவே எடுத்துக்கோங்க. அப்புறம் வண்டியத் தொடக் கூடாது." நான் போய் என் பக்கத்துக் கதவைத் திறந்து ஏறி உட்கார்ந்தேன். கதவைச் சாத்திக்கொண்டேன். சீட்டுக்குள் இன்னும் தண்ணீர் நிற்கிறது, உட்கார்ந்ததும் பிதுங்கிக்கொண்டு மேலே வருகிறது, பேண்ட் நனைகிறது. நனையட்டும். என்ன எடுக்க வந்தேன்? டாஷ்போர்டு அறையைத் திறக்க வேண்டும், துண்டு இருக்கும், கறுப்புக் கண்ணாடி இருக்கும், பிள்ளையாரை ஒட்டி வைத்திருக்கிறேன், பிய்த்தால் வருவாரா என்று தெரியவில்லை. கை எதற்கும் போகவில்லை. ஸ்டீயரிங் மேல்தான் இருக்கிறது. இது இனிமேல் என் வண்டி இல்லை என்று சொல்லிப் பார்க்கிறேன், புத்தி ஏற்க மாட்டேன் என்கிறது, கால் தானாகக் கிளட்ச்சைத் தேடுகிறது. இடது பக்கம் நிழல் தட்டுகிறது. அவன்தான். கையில் என் சாமானைப் போட ஒரு சாக்குப் பை, எங்கிருந்து பிடித்தானோ. கைப்பிடியை இழுக்கிறான். திறக்கவில்லை. பேட்டரியைக் கழற்றிவிட்டார்கள், அந்தப் பக்கத்துப் பூட்டு உள்ளேயிருந்து இழுத்தால்தான் விடும். மறுபடி இழுக்கிறான். விரலால் கண்ணாடியைத் தட்டுகிறான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் என்னவோ சொல்கிறான், கேட்கவில்லை. மூஞ்சி சிவந்து கிடக்கிறது, கண் கலங்கியிருக்கிறது, என்னைக் கொன்றுவிடுகிற மாதிரி பார்க்கிறான். பாவம் என்று பார்க்கவில்லை. உற்றுப் பார்த்துவிட்டேன், அது அதில் எங்கேயும் இல்லை, கோபம்தான், முழுக் கோபம். இடது கையை ஸ்டீயரிங்கிலிருந்து எடுத்து நீட்டினால் அந்தப் பூட்டு எட்டும். அவன் மறுபடி தட்டுகிறான், இந்தத் தரம் உள்ளங்கையால்.